ஏழாவது வார்த்தை

மூன்று மாதமாக எங்கள் வீட்டில் ஒரு பாதிக் காகிதத்துக்கான தேடல் நடந்துகொண்டிருந்தது. தேடுவது அண்ணி. அது கிடைக்காது என்று தெரிந்தவள் நான். வாயைத் திறந்து ஒரு வரி சொன்னால் முடிந்துவிடும் வேலை. அந்த வரி மூன்று மாதமாகத் தொண்டையில் நின்றது. முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அண்ணன் லிப்ட் மெக்கானிக். ஒரு வெள்ளிக்கிழமை, பதினான்கு மாடிக் கட்டடத்தில் லிப்ட் கூண்டின் மேல் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டான். வயது முப்பத்தெட்டு. கையிலிருந்த போன் குழிக்குள் விழுந்து சில்லு சில்லாகப் போனது.

நான் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டேன், தண்ணீர் கொடுத்தேன், செருப்புகளை ஒழுங்காக அடுக்கி வைத்தேன். பெரிய சித்தி பயந்துபோய் என் கையைக் கிள்ளி, "அழுதுடுடி, உள்ள வச்சுக்காதே" என்றார். கிள்ளியது தெரிந்தது. வலிக்கவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் போல ஆகியிருந்தேன். ஐந்தாம் நாள் வேலைக்குப் போய்விட்டேன். "கல்நெஞ்சுக்காரி" என்று சித்தி யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அவர் சொன்னதில் தப்பில்லை.

என் வேலை, ஒரு கிரிப்டோ வாலட் கம்பெனியின் உதவிப் பிரிவில். வாலட் என்றால் டிஜிட்டல் காசு வைக்கப் போனுக்குள் இருக்கும் பர்ஸ். பர்ஸ் வாங்கிய புதிதில் எல்லோரும் பதறுவார்கள்; பதறுகிறவர்கள் எங்களுக்கு எழுதுவார்கள். தமிழில் எழுதுகிறவர்களுக்குப் பதில் சொல்ல மூன்று பேர். திரையில் எங்களுக்குப் பெயர் கிடையாது. நான் உதவியாளர் மூன்று.

ஆள் ஆயிரம், வியாதி ஏழெட்டுதான். 'ஐயோ, என் வாலட்ல பூஜ்யம்னு காட்டுது!' காசு எங்கேயும் போகவில்லை, நீங்கள் வேறு நெட்வொர்க்கைத் திறந்து வைத்துப் பார்க்கிறீர்கள், மேலே இருக்கும் பெயரைத் தொட்டு மாற்றுங்கள். 'அனுப்பினது ரெண்டு மணி நேரமா நிலுவையிலேயே நிக்குது.' கட்டணம் குறைவாக வைத்திருக்கிறீர்கள், காத்திருங்கள், அல்லது கொஞ்சம் கூட்டுங்கள். 'பாஸ்வேர்ட் மறந்துபோச்சு.' பன்னிரண்டு வார்த்தை எழுதி வைத்தீர்களே, அது இருக்கிறதா? இருந்தால் கவலையே வேண்டாம். எல்லாவற்றுக்கும் தயாராகப் பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். எண்ணை அழுத்தினால் போதும், கடைசியில் 'இன்று வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?' என்பதும் தானாக ஒட்டிக்கொள்ளும். இப்படி மரத்துப்போனவளுக்கு இதைவிடத் தோதான வேலை கிடையாது.

அந்தப் பன்னிரண்டு வார்த்தைதான் எல்லாம். வாலட்டைத் தொடங்கும்போது எலுமிச்சை, ஏணி, ஜன்னல் என்பது போலச் சாதாரண ஆங்கில வார்த்தைகள் பன்னிரண்டு வரும். அவற்றை வரிசை மாறாமல் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும். போன் தொலைந்தாலும் உடைந்தாலும், வார்த்தைகள் இருந்தால் வேறு போனில் வாலட் திறந்துவிடும். வார்த்தைகள் போனால், கம்பெனியின் முதலாளியே வந்தாலும் திறக்க முடியாது. அதற்கான தயார்ப் பதிலின் எண் ஒன்பது. அதை அழுத்தும்போது மட்டும் கொஞ்சம் நிதானிப்போம்.

வார்த்தைகளைத் தெரிந்தவன்தான் பர்ஸுக்குச் சொந்தக்காரன். அதனால் எங்கள் ஆபீஸில் ஒரு சட்டம் உண்டு: யாருடைய வார்த்தையும் நம் கண்ணில் படக் கூடாது. பதற்றத்தில் படமெடுத்து அனுப்பிவிடுவார்கள். பார்க்காமல் அழிக்க வேண்டும். காகிதமாக வந்தால், கதவோரம் இருக்கும் அரைக்கும் மிஷினில் படிக்காமல் போட வேண்டும். பயிற்சியில் இதையே முப்பது தடவை செய்ய வைத்தார்கள். கை முந்திக்கொள்ளும், கண் பின்னால் வரும். என்னோடு பயிற்சி எடுத்தவர்களில் என் கைதான் வேகம். அதற்கு ஒரு சான்றிதழ்கூட வாங்கினேன், வீட்டில் எங்கேயோ கிடக்கிறது.

என்னால்தான் அண்ணன் அந்த வாலட்டைத் தொடங்கினான். ஐந்து வருஷமாக மாதா மாதம் அதில் காசு போட்டான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"வாண்டு, பன்னெண்டு வார்த்தையையும் ஒரே ஆள்கிட்ட குடுக்கிறது தப்பு. லிப்ட் நடுவழியில நின்னுட்டா கையால இறக்கணும் பாரு, அதுக்கு ரெண்டு பேர் வேணும். ஒருத்தன் பிரேக்கைத் தூக்கிப் பிடிக்கணும், இன்னொருத்தன் சக்கரத்தைத் திருப்பணும். தனியா செஞ்சா ஆளைக் கொன்னுடும்."

முப்பத்து நாலு வயதிலும் அவனுக்கு நான் வாண்டுதான். "உன் லிப்ட் புராணத்தை ஆரம்பிச்சுட்டியா?" என்று எழுந்து போய்விட்டேன். அவன் பாதி பாதியாகப் பிரிக்கப்போகிறான் என்று எனக்குத் தோன்றவில்லை. முழுசாக இரண்டு காகிதம் எழுதி இரண்டு இடத்தில் வைப்பதுதான் முறை. பாதி பாதியாகப் பிரிப்பது புதியவர்கள் கெட்டிக்காரத்தனமாகச் செய்யும் தப்பு. எனக்குத் தெரியும், அவனுக்குச் சொல்லவில்லை.

முதல் ஆறு வார்த்தையை அண்ணியிடம் கொடுத்திருக்கிறான். "மீதி பத்திரமா இருக்கு" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். மீதி அண்ணி கண்ணில் படக் கூடாது என்று, அதை ஒரு கவரில் போட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் ஆபீஸ் வாசலில் கொடுத்துவிட்டுப் போனான். அண்ணன் கொடுத்தது என்று சொல்லி, வரவேற்பில் இருந்தவர் என் மேஜைக்கு அனுப்பினார். பிரித்தேன். காகிதத்தில் எண் போட்டு, ஒன்றன் கீழ் ஒன்றாக வார்த்தைகள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மறு நிமிடம் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே கரகரவென்று சத்தம்.

போன் செய்து திட்டினேன். "யார்கிட்டயும் காட்டாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? ஆபீஸுக்கே கொண்டு வந்து குடுக்கிறே! நான் அரைச்சுட்டேன், போ."

அவன் சிரித்தான். "அடிப்பாவி. படிக்கக்கூட இல்லையா? சரி விடு, ஞாயித்துக்கிழமை வேற எழுதித் தரேன்."

வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டான்.

அண்ணி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவர். எதையும் வரிசையாகச் செய்வார். முதல் மாதம் அலமாரிகள். இரண்டாம் மாதம் அவனுடைய கருவிப் பெட்டிகள், பழைய சட்டைப் பைகள், சாமான்களுக்கு அடியில் விரித்திருக்கும் செய்தித்தாள்கள். மூன்றாம் மாதம் தலையணைகளைப் பிரிக்க ஆரம்பித்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் அவர் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டு பல் துலக்கினேன், டீ குடித்தேன், செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். குற்ற உணர்ச்சி என்றுகூடச் சொல்ல முடியாது. உணர்ச்சி இருந்தால்தானே அதில் குற்றம் இருக்கும்.

தலையணை பிரித்த அந்த வாரம், புதன்கிழமை எனக்கு வார விடுமுறை. வீட்டில் இருந்தால் பஞ்சு பறப்பதைப் பார்க்க வேண்டும். "பல் டாக்டர்கிட்ட போறேன் அண்ணி" என்று சொல்லிவிட்டு வேலைக்கு வந்துவிட்டேன். பதினோரு மணிக்கு ஒரு புது ஆள் வரிசையில் வந்தார்.

'வணக்கம். ஒரு வாலட்டைத் திறக்க வேண்டும். என்னிடம் ஆறு வார்த்தைகள்தான் இருக்கின்றன.'

எண்ணை அழுத்தினேன். 'பன்னிரண்டு வார்த்தைகளும் தேவை. மீதியை வேறு இடத்தில் எழுதி வைத்தீர்களா? தயவுசெய்து வார்த்தைகளை இங்கே அனுப்ப வேண்டாம்.'

'எழுதியது என் கணவர். அவர் இல்லை. போன் லிப்ட் குழியில் விழுந்து உடைந்துவிட்டது.'

கை விசைப்பலகையில் அப்படியே நின்றது. எழுந்து போயிருக்கலாம். பக்கத்து இருக்கைக்கு மாற்றியிருக்கலாம், அதற்கு ஒரு பொத்தான் உண்டு. பொத்தானைப் பார்த்தேன், அழுத்தவில்லை.

அண்ணி எழுதிக்கொண்டே போனார். எழுத எழுதப் பேச்சாக மாறியது.

'என் நாத்தனார் உங்க கம்பெனிலதான் வேலை பாக்கிறா. இன்னிக்கு அவளுக்கு லீவு, அதான் தைரியமா எழுதறேன். மீதி ஆறு அவகிட்டதான் இருக்கும்னு எனக்கு மனசுல படுது. அவர் உலகத்துல நம்பினது ரெண்டே பேரைத்தான்.'

'அவரிடமே கேட்கலாமே' என்று எழுதினேன். இதற்குத் தயார்ப் பதில் கிடையாது.

'பயமா இருக்கு.'

'அவர் கோபப்படுவார் என்றா?'

'அவ இல்லைன்னு சொல்லிட்டா, நாளையிலேர்ந்து தேடறதுக்கு எனக்கு ஒண்ணுமே இருக்காது. காசுக்காக இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன், காசுக்காகவும்தான். ஆனா அவர் கையால ஒளிச்சு வச்சது இது ஒண்ணுதான் பாக்கி. அப்புறம் இன்னொண்ணு. அவ மூணு மாசமா அழல. நான் போய்க் கேட்டு அவளை உடைச்சுடுவேனோன்னு இருக்கு.'

நான் பதில் எழுதுவதற்குள் 'அவர் எழுதினது இதான், பாருங்க' என்று திரையில் ஒரு படம் வந்தது. பார்க்காமல் அழிக்க வேண்டிய படம். இந்த முறை கை முந்தவில்லை.

கோடு போட்ட தாளில் பாதி. ஆங்கிலம் தடுமாறும் என்பதால் தமிழ் எழுத்திலேயே எழுதியிருந்தான். ஒன்று, லெமன். இரண்டு, லேடர். மூன்று, விண்டோ. அவனுடைய 'ல' எப்போதும் ஒரு சுழி கூடுதலாகச் சுற்றும். சின்ன வயதில் அதற்காக வாத்தியாரிடம் எத்தனை அடி வாங்கியும் அந்தச் சுழி போகவில்லை. ஓரத்தில் கிரீஸ் படிந்த பெருவிரல் ரேகை.

படம் ஐந்து நொடிக்கு மேல் திறந்திருந்தால் டீம் லீடர் மேஜையில் சிவப்பு விளக்கு எரியும். வந்து நின்றார். நல்ல மனுஷர்தான்.

"என்னம்மா, இன்னும் அழிக்கலையா?"

"எங்க அண்ணன் கையெழுத்து சார்."

அவர் திரையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். சட்டப்படி அதுதான் சரி. "புரியுதும்மா. இருந்தாலும் அழிச்சுடுங்க" என்றார்.

அழித்தேன். அவனுடைய எழுத்தை என் கையால் அழிப்பது இது இரண்டாவது தடவை. திரையில் அந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது. பிறகு எழுதினேன்.

'அண்ணி, வாண்டுதான் எழுதறேன். பல் டாக்டர்கிட்ட போகலை. மீதி என்கிட்டதான் வந்துச்சு. அவன் போறதுக்கு மூணு நாள் முன்னாடி. நான் படிக்காம மிஷின்ல போட்டு அரைச்சுட்டேன். எங்கேயும் இல்லை. தேடாதீங்க.'

அனுப்பினேன். அண்ணி எழுதுகிறார் என்பதற்கு அடையாளமாக மூன்று புள்ளிகள் தோன்றின. நின்றன. மறுபடி தோன்றின. பிறகு நிரந்தரமாக நின்றுவிட்டன. பத்து நிமிடம் பதில் வராவிட்டால் கணினி தானாகவே கேட்கும்: 'உங்கள் பிரச்சினை தீர்ந்ததா?' கேட்டது. அண்ணி 'இல்லை' என்பதை அழுத்திவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் நான் வந்தபோது வீடு திறந்தே இருந்தது. கூடத்தில் நான்கு தலையணைகள் வயிறு கிழிந்து கிடந்தன. நாற்காலி மேலும் மின்விசிறி மேலும் பஞ்சு. நடுவில் அண்ணி, மடியில் ஊசியும் நூலும். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பல்லைப் பிடுங்கியாச்சா?"

செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றேன்.

"மூணு மாசம். நான் பைத்தியக்காரி மாதிரி பஞ்சைப் பிச்சுக்கிட்டு இருக்கேன், நீ பாத்துக்கிட்டே டீ குடிக்கிறே." குரல் உயரவில்லை. "வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சொன்னா நீங்க வெறுத்துடுவீங்கன்னு."

"இப்ப மட்டும் கொஞ்சறேனா?" பஞ்சை அள்ளி ஒரு தலையணைக்குள் திணித்தார். திணித்தது மறுபக்கமாக வெளியே வந்தது. இன்னொரு முறை திணித்தார். அதுவும் வந்தது. கையை ஓங்கித் தலையணையில் இரண்டு அடி அடித்தார். பிறகு, "உக்காந்து இதோட வாயை இறுக்கிப் பிடி. ஒருத்தர் பிடிச்சாதான் ஒருத்தர் தைக்க முடியும்" என்றார்.

உட்கார்ந்து பிடித்தேன். அவர் தைத்தார். தையல் கோணலாகப் போனது. பாதியில் நிறுத்தினார்.

"ஒரே ஒரு வார்த்தையாவது கண்ணுல பட்டிருக்கக் கூடாதா?"

பட்டிருந்தது. கை எவ்வளவு வேகம் என்றாலும் கண் ஒரு நொடி முந்திவிட்டது. மூன்று மாதமாக எனக்கே அதை நான் சொல்லிக்கொள்ளவில்லை.

"ஏழாவது மட்டும். அம்ப்ரெல்லா."

அண்ணி ஊசியைத் தலையணையிலேயே குத்தி விட்டுவிட்டு எழுந்தார். அந்தப் பாதித் தாளையும் ஒரு பேனாவையும் எடுத்து வந்தார். அவன் எழுத்துக்குக் கீழே ஏழு என்று போட்டு, அம்ப்ரெல்லா என்று எழுதினார்.

"இதனால திறக்குமா?"

"திறக்காது அண்ணி. மீதி அஞ்சையும் எந்தக் கம்ப்யூட்டராலயும் கண்டுபிடிக்க முடியாது."

"சரி" என்று தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். ஊசியை எடுத்துத் தைத்தார். மூன்றாவது தையலில் ஊசி துணியைத் தாண்டி என் கட்டைவிரலில் ஏறியது. ஆழமாகவே ஏறியது. ரத்தம் தலையணை உறையில் பட்டது.

"ஐயோ, வலிக்குதா?" என்றார் அண்ணி.

"வலிக்குது அண்ணி" என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.