கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வெயில்

மற்றவர்களின் முகத்தைத் திருத்துவதுதான் போட்டோ ஸ்டூடியோவில் அவளுக்கு வேலை. பருவோ மருவோ, அவள் கைக்கு வந்தால் பிழைக்காது. கல்யாணப் பெண்ணின் மேலுதட்டில் நாலு முடி தெரிந்தால், திரையில் பெரிதாக்கி, பக்கத்துத் தோலை எடுத்து ஒட்டிவிடுவாள். கடவுள் விட்ட பிழையைத் திருத்திச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் என்பார் கேமராமேன்.

அவள் தாடையில் முளைக்கிற முடிக்கு மட்டும் அந்த வசதி இல்லை. காலையில் பிடுங்கினால் மதியம் எட்டிப் பார்க்கும். டியூப்லைட்டில் தெரியாது. வெயில்தான் காட்டிக்கொடுக்கும்.

சினைப்பையில் நீர்க்கட்டி, முடி முளைப்பதும் அதனால்தான் என்று டாக்டரம்மா சொல்லி ஒரு வருடம் ஆகிறது. பிறகு மூட்டெல்லாம் வலித்தது. ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, வைட்டமின் டி பாதாளத்தில் கிடப்பதாகச் சொன்னார்.

"உன்னை மாதிரி நீர்க்கட்டி இருக்கிற நிறைய பேருக்கு இது கம்மியாத்தான் இருக்கு. மாத்திரை எழுதறேன். கொஞ்ச நேரம் வெயில்லயும் நில்லு."

வெளியே வந்ததும் அம்மா தீர்ப்பு சொன்னாள். "வெயிலுக்கு மாத்திரையா? அதான் வானத்துல ஓசியில கொட்டுதே."

மாத்திரை வாங்கவில்லை. அவள் நாற்காலியை ஸ்டூடியோ ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். மதிய வெயில் கையிலும் மடியிலும் விழுந்தது. முகம் கம்ப்யூட்டர் திரையின் நிழலில் பத்திரமாக இருந்தது. டாக்டரையும் ஏமாற்றவில்லை, தாடையையும் காட்டவில்லை.

சில மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தால், பாதாளத்துக்கும் கீழே ஒரு மாடி இருந்திருக்கிறது.

"வெயில்ல நின்னியா?"

"தினமும் ஜன்னல்கிட்ட உட்கார்ந்தேன் டாக்டர்."

"திறந்த ஜன்னலா?"

"இல்ல, கண்ணாடி. திறக்க வராது."

"கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும், சூட்டை விடும். உன் தோலுக்கு வேண்டியதை மட்டும் விடாதும்மா."

"அப்போ இத்தனை நாளும் சும்மா வெந்திருக்கா," என்றாள் அம்மா.

"மொட்டைமாடி கிடையாதா?"

அவள் வாயைத் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டாள். "எல்லாம் இருக்கு டாக்டர். சோம்பேறித்தனம். கருத்துடுவாளாம்."

அவள் மறுக்கவில்லை. உண்மைக்குச் சோம்பேறிப் பட்டம் எவ்வளவோ தேவலை. ஆனால் படியிறங்கும்போது முட்டி கெஞ்சியது. வழியில் மாத்திரையை வாங்கினாள்.

மறுநாள் உச்சி வேளையில் ஸ்டூடியோவின் மொட்டைமாடிக்கு ஏறினாள். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் கேமராமேன் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார். அவர் கண் முதலில் வெளிச்சத்தைப் பார்க்கும், பிறகுதான் ஆளை.

"உச்சி வெயில் முகத்துக்கு ஆகாதும்மா. ஒண்ணு விடாம காட்டிடும். இப்படி நிழலுக்கு வா."

தொழில் பேச்சா, பார்த்துவிட்ட பேச்சா, அவளுக்குப் பிடிபடவில்லை.

"இருக்கட்டும்ணே. இங்கேயே நிக்கறேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கை தானாகத் தாடையை மூடப் போனது. பாதி வழியில் நிறுத்தி, சரியாகவே இருந்த காலரைச் சரிசெய்தாள்.

அவர் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். அவ்வளவு கவனமாக அவர் சாப்பிட்டு அவள் பார்த்ததே இல்லை.