அரியரத்தினம் ஞாபகார்த்த இழுவை

அரியரத்தினத்தார் செத்து ஒரு வருடமாகி ஆட்டத்திவசம் நெருங்கியபோது, கரம்பைக்குளம் ஒன்றியத்தின் தலைவர் ஞானேந்திரன் செயற்குழுவையும் கூட்டிக்கொண்டு, கனடாவில் கர்க்லாண்டில் இருந்த அவரின் வீட்டுக்கு வந்தார். ஊர்க்காரர் எவர் செத்தாலும் அவர் பேரில் ஒரு போட்டி வைப்பது ஒன்றியத்தின் வழக்கம். கிரிக்கெட், கரப்பந்து, கரம்போர்ட் எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே ஒவ்வொருவர் செத்திருந்தபடியால் இவருக்கென்று விளையாட்டு ஒன்றும் மிச்சமில்லை. கராஜுக்குள் நின்ற பழைய சிவப்பு மசி பெர்குசன் உழவு இயந்திரத்தைக் கண்ட பிறகுதான் தலைவருக்கு முகம் வெளித்தது. கியூபெக் நாட்டுப்புறக் கண்காட்சிகளில் உழவு இயந்திரங்களைப் பாரம் இழுக்க விட்டுப் போட்டி வைப்பார்கள். அதில் இதுவரை ஒரு தமிழனும் இழுத்ததில்லை. இழுத்தால் வரலாறு.

அரியரத்தினத்தாரின் மனைவி யோகராணி எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தார். டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குப் பெட்டி ஏற்றிய காலத்தில் கணவன் ஒரு பிரெஞ்சுக் கமக்காரனிடம் வாங்கிய மிசின் அது. உழுவதற்கு நிலமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டார்ட் பண்ணி வாசல்வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவார். மூன்று சிலிண்டரில் ஒன்று இடைக்கிடை அடிப்பை விழுங்க, மிசின் விக்கும்; அதை மனுசன் திருத்தவேயில்லை. அவர் போன பிறகு ஞாயிறுகளில் யோகராணியே சாவியைத் திருப்பினார். அந்த விக்கலோடு அது ஓடுகிறவரைக்கும் மனுசன் கராஜுக்குள் எதையோ நோண்டிக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். யோகராணி குசினியில் வெங்காயம் உரிப்பார். உடுப்புகளை மகள் கொடுத்துவிட்டாள். மனுசன் விட்டபடியே மிஞ்சியது அந்தச் சத்தம் ஒன்றுதான்.

மாட்டேன் என்றிருக்கலாம். ஆனால் கோயில் மண்டபத்தில் மனுசிக்கு மனமில்லை என்று கதைப்பார்கள். அதோடு, நோட்டீசில் படத்துக்குக் கீழே ‘பொறியியலாளர்’ என்று போடப்போவதாகத் தலைவர் சொன்னதும் யோகராணிக்குக் கொஞ்சம் குளிர்ந்தும்விட்டது. ஊரில் மனுசன் சங்கத்து உழவு இயந்திரத்துக்கு ட்றைவர்.

“கனக்க ஒண்டும் செய்யாதேங்கோ, தம்பி.”

“சும்மா கொஞ்சம் உசார் ஏத்திறதுதான், அக்கா.”

வில்லரேயில் கார் திருத்தும் கிறிஸ்தோப்பரின் கராஜில் உசார் ஏறியது. துணைத் தலைவர் சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடச் சொன்னார். பொருளாளர் பம்பைத் திறந்து டீசலைக் கூட்டுவித்தார். தானும் ஏதாவது செய்ததாக இருக்கவேண்டும் என்று செயலாளர் லொறியில் கழற்றிய டேர்போ ஒன்றோடு வந்தார். தலைவர் புகைக்குழாயை உயர்த்தி அதில் ஒன்றியத்தின் பெயரை எழுதுவித்தார். எஞ்சினைப் பற்றி எல்லோரும் யோசித்தார்கள். அது எவ்வளவு சின்ன மிசினுக்குள் இருக்கிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

அதே கையோடு அரியரத்தினத்தாருக்கும் வேலை நடந்தது. நோட்டீசில் பொறியியலாளராக இருந்தவர் வானொலி அறிவித்தலில் விமானப் பொறியியலாளர் ஆனார். கண்காட்சி மைதானத்தில் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தபோது, அவர் இல்லாவிட்டால் கனடாவில் விமானமே எழும்பியிராது என்ற நிலைமை. முன்வரிசையில் பொன்னாடையோடு இருந்த யோகராணிக்கு, தலைவர் சொன்ன இந்த ஆளை எங்கேயும் சந்தித்த ஞாபகம் வரவில்லை.

இழுக்கவேண்டியது ஓர் இரும்புச் சறுக்குவண்டி. போகப் போக அதன் பாரம் முன்னால் நகர்ந்து இழுப்பவன் மேலேயே ஏறும். தலைவரே வேட்டியோடு ஓட்டினார். எஞ்சின் அலறியது, கரும்புகையில் ஊர்ச்சனம் முழுவதும் இருமியது. முன்சக்கரங்கள் வானத்தைப் பார்க்க, பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே கிடங்கு கிண்டின. கடைசிக்கு முந்தின இடம். கடைசி ஆளின் மிசின் ஸ்டார்ட் ஆகவில்லை.

அடுத்த ஞாயிறு யோகராணி சாவியைத் திருப்பினார். விக்கல் இல்லை. கராஜுக்குள் வேறு எவனோ ஓர் ஆம்பிளை நின்று கத்துவதுபோல இருந்தது. பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரி காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். யோகராணி நிப்பாட்டிவிட்டுக் கிறிஸ்தோப்பருக்குத் தொலைபேசி எடுத்தார். பழையபடி ஆக்கலாமா என்று கேட்டார்.

“பழைய சாமான் எல்லாம் இரும்புக்குப் போட்டுட்டம், அக்கா. புதுசு போட்டா நல்லா ஓடும்.”

“நல்லா ஓடுறதுக்கு நான் கேக்கேல்லை,” என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஞாயிறுகளில் வானொலியைப் போட்டுப் பார்த்தார். வெங்காயம் உரியவில்லை.

இலைகள் கொட்டத் தொடங்கியபோது தலைவர் அடுத்த வருடத்து நோட்டீசோடு வந்தார். முன்னுக்கு இரும்புப் பாரம் கட்டினால் வெற்றி நிச்சயம் என்று விளக்கினார். யோகராணி சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

“மிசினைக் கொண்டுபோங்கோ, தம்பி. இனி இஞ்ச கொண்டுவர வேண்டாம். அவற்ற பேரை மட்டும் நோட்டீசில இருந்து எடுத்துவிடுங்கோ.”

“என்னக்கா நீங்கள், அண்ணையின்ர மிசின் எல்லோ?”

“இல்லை. அவற்ற மிசின் விக்கும்.”

தலைவர் நோட்டீசைப் பார்த்தபடி இருந்தார். அந்த இடத்தில் போடக்கூடிய பொருத்தமான ஒரு பெயர் அவருக்குத் தெரியும். ஆனால் அந்த ஆள் இன்னும் சாகவில்லை, நல்ல சுகத்தோடு அதே நோட்டீசைப் பிடித்தபடி தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

மிசினை ஏற்றிக்கொண்டு போன பிறகு யோகராணி கராஜ் கதவை இழுத்து மூடினார். அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிறு வர இன்னும் இரண்டு நாள் கிடந்தது.