கொசுவும் வெட்டுக்கிளியும்

பீங்கான் பல் ஒன்றின் விளிம்பில் கடைசிப் பூச்சைத் தூரிகையால் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவளுக்குத் தம்பியிடமிருந்து போன் வந்தது. பல் செய்யும் லேபில் அந்த நேரத்தில் யாரும் போன் எடுக்கமாட்டார்கள். கை ஒரு நூல் அசைந்தாலும் மாவு சரிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் வேலை நேரத்தில் அவன் கூப்பிடுகிறவன் இல்லை. முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"அக்கா, லிஃப்ட் நின்னுடுச்சு. எனக்கு மட்டும் இன்னும் இறங்கிட்டே இருக்கு."

அவன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டை வைத்து நாளுக்கொரு ஜோக் சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"விளையாடாதடா. கையில வேலை இருக்கு."

"விளையாடலக்கா. தரையில படுத்துக்கிட்டுத்தான் பேசுறேன். தரையும் சுத்துது."

தூரிகையைக் கீழே வைத்தாள். பல் சரிந்தது.

காது டாக்டர் நல்லவர். படம் வரைந்து காட்டினார். காதுக்குள்ளே நத்தைக்கூடு மாதிரி ஒன்று, அதை ஒட்டிச் சின்னச் சின்ன வளையங்கள், அவற்றுக்குள் நீர். அந்த நீர்தான் உடம்புக்கு எது மேல், எது கீழ் என்று சொல்கிறதாம். அவனுடைய இடது காதில் அது பொய் சொல்ல ஆரம்பித்திருந்தது. தலைசுற்றல் மாத்திரையில் அடங்கும், ஆனால் எப்போது திரும்ப வரும் என்று சொல்ல முடியாது. உயரத்தில் வேலை செய்யக் கூடாது. ரெண்டு சக்கரம் கூடவே கூடாது.

"மூணு சக்கரம் பரவாயில்லையா டாக்டர்?" என்று கேட்டான் அவன். டாக்டர் சிரித்தார். அவளால் முடியவில்லை. அவன் சிரித்துக்கொண்டே கட்டிலின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்ததில் விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

ஒரு காலத்தில் அவர்கள் இருவருக்கும் ஞாயிறு என்றால் மலைப்பாதைதான். அவனுடைய வண்டிக்குப் பெயர் கொசு. உச்ச வேகத்தில் அப்படித்தான் கத்தும். அவளுடையது வெட்டுக்கிளி, கிளட்சை விட்டால் ஒரு துள்ளுத் துள்ளிவிட்டுத்தான் கிளம்பும். இரண்டும் நூறு சிசி. பால் கேன் கட்டவும், ஆபீஸ் போகவும், பிள்ளையை ஸ்கூலில் விடவும் என்றே கம்பெனிக்காரன் செய்த வண்டிகள். அடிவாரத்து டீக்கடையில் பெரிய வண்டிக்காரர்கள் கவசம், கையுறை, முழங்கால் பட்டை எல்லாம் பூட்டிக்கொண்டு போருக்குப் போகிறவர்கள் மாதிரி நிற்பார்கள். அவர்களில் ஒருவர் ஒருமுறை, "இது மலை ஏறுமா தம்பி?" என்று பரிவோடு கேட்டார். "ஏறும்ணா. ஏற மாட்டேன்னா எங்க அக்கா இறங்கித் தள்ளுவா" என்றான். நேர்ச்சாலையில் அவர்கள் உறுமிக்கொண்டு தாண்டிப் போவார்கள். ஆனால் மலையில் நேர்ச்சாலை எங்கே இருக்கிறது? வளைவுக்கு வளைவு அவர்கள் பிரேக்கை மிதித்து, பயந்து, மறுபடி உறும வேண்டும். கொசுவும் வெட்டுக்கிளியும் பிரேக்கையே தொடாது. தொட்டால் போச்சு, விட்ட வேகத்தைத் திரும்பப் பிடிக்க அந்த எஞ்சினுக்கு அடுத்த ஜென்மம் வேண்டும். அதனால் வளைவு வருவதற்கு முன்பே அதை மனதில் வளைத்துவிட வேண்டும். இரண்டாவது கியர், முழு முறுக்கு, தோள் முதலில் சாய, வண்டி பின்னால் சாய, கால்தாங்கி தாரில் கிர்ரென்று உரச, வாயில் தன்னையறியாமல் ஒரு கூச்சல். அப்போது வேகமானியைப் பார்த்தால் சைக்கிள்காரன்கூடச் சிரிப்பான். ஆனால் அதற்குமேல் அந்த வண்டியிடம் கேட்க ஒன்றுமில்லை, இருந்ததையெல்லாம் அது கொடுத்துவிட்டது என்பதில் ஒரு நிறைவு இருந்தது. "பெரிய வண்டிய யாராலயும் பாதிக்கு மேல ஓட்ட முடியாதுக்கா. நம்மளுத முழுசா ஓட்டலாம்" என்பான்.

எப்போது நின்றது என்று யோசித்தால் அவளுக்கு ஒரு நாளும் பிடிபடவில்லை. சண்டை இல்லை, விபத்து இல்லை. லேபில் அவளைப் பிரிவுத் தலைவி ஆக்கினார்கள். மகள் பிறந்தாள், நடந்தாள், பாட்டு வகுப்புக்குப் போனாள். ஞாயிறு என்பது துவைத்துக் காயவைக்கும் நாளானது. "இந்த வாரம் வரியாக்கா?" "அடுத்த வாரம் பாக்கலாம்டா." அடுத்த வாரம் என்பது தொட்டால் நகர்ந்துவிடும் பூனைக்குட்டி மாதிரி எப்போதும் ஓர் எட்டு தள்ளியே இருந்தது. கொஞ்ச நாள் அவன் தனியாகப் போனான். "தனியாப் போனா வளைவு வளைவாவே இல்லக்கா, வெறும் ரோடா இருக்கு" என்றான். அவள் துணியை உதறிக்கொண்டே, "ம்" என்றாள். பிறகு அவன் கேட்பதை விட்டுவிட்டான். கேட்பதை விட்டான் என்பதையே அவள் கவனிக்கவில்லை.

டாக்டர் சீட்டைப் பார்த்த லிஃப்ட் கம்பெனி அவனைப் போன் எடுக்கும் மேசையில் உட்காரவைத்தது. கொசுவை அவன் விற்றுவிட்டான். அந்தச் செய்தி வந்த சனிக்கிழமை அவள் மாடிப்படிக்கு அடியில் போய் வெட்டுக்கிளியின் உறையை விலக்கினாள். துருப்பிடித்துக் கிடக்கும், டயர் தரையோடு ஒட்டியிருக்கும் என்று நினைத்தாள். டயரில் காற்று இருந்தது. செயினில் எண்ணெய் ஈரம். நம்பிக்கையில்லாமல் ஓர் உதை உதைத்தாள். சிறு இருமலோடு எஞ்சின் பிடித்துக்கொண்டது.

சத்தம் கேட்டு அவள் கணவன் கீழே வந்தார்.

"யாரு இதைப் பாத்துக்கிட்டது? நீங்களா?"

"எனக்கு ஸ்க்ரூ எந்தப் பக்கம் திருகணும்னே தெரியாது. உன் தம்பிதான். தலைசுத்தல் வர்ற வரைக்கும், நீ லேபுக்குப் போனப்புறம் வருவான். ஸ்டார்ட் பண்ணி, தெருவ ஒரு சுத்து சுத்திட்டு, உறையைப் போட்டு மூடிட்டுப் போயிடுவான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வரணும்னு கேக்குற மாதிரி ஆயிடுமாம்."

எஞ்சினை அணைக்க அவளுக்கு மனம் வரவில்லை. புகை மாடிப்படியில் ஏறி, மேல்வீட்டுக்காரர் கத்தியபின்தான் அணைத்தாள்.

மறுநாள் காலை அவன் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவன் வண்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், உள்ளே போய் ஹெல்மெட்டோடு வந்தான். பின்னால் உட்கார்ந்தான். சின்ன வயதில் சைக்கிளில் அவள் பின்னால் உட்கார்ந்தவன், பிறகு ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அடிவாரம் வரை பேச்சும் சிரிப்புமாகத்தான் வந்தான். "கியர மாத்து, மெஷின் அழுவுது" என்று முதுகில் குத்தினான். முதல் வளைவு போயிற்று. அடுத்ததில் அவன் கைகள் அவள் தோளைப் பற்றின. அதற்கடுத்ததில் நகம் பதிந்தது.

"நிறுத்துக்கா."

நிறுத்தினாள். அவன் இறங்கி, சாலையோரக் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி வாந்தி எடுத்தான். தண்ணீர் கொடுத்தாள். வாய் கொப்பளித்துவிட்டுச் சுவரில் உட்கார்ந்தான்; கண்ணை மூடினால் இன்னும் மோசமாகும் என்று எதிரே இருந்த மைல்கல்லையே வெறித்துக்கொண்டிருந்தான்.

"மெதுவாத்தாண்டா வந்தேன்."

"வேகம் இல்லக்கா விஷயம். ஓட்டுறவனுக்கு வளைவு முன்னாடியே தெரிஞ்சிடும். பின்னாடி உக்காந்திருக்கிறவனுக்கு அது வந்து மோதுது."

கீழே பள்ளத்தாக்கில் ஒரு லாரி முனகிக்கொண்டு ஏறியது.

"நான் வந்திருக்கணும்டா" என்றாள்.

"எப்பக்கா?"

அவன் குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே எந்த ஞாயிறு என்று கேட்டான். அவள் தேடிப்பார்த்தாள். வந்திருக்கக்கூடிய ஞாயிறுகள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. ஒவ்வொன்றிலும் வராமலிருக்க ஒரு நல்ல காரணம் இருந்தது.

"சரி, நீ மேல வரைக்கும் போயிட்டு வா. எஞ்சின் சூடாத்தானே இருக்கு."

"உன்ன விட்டுட்டா?"

"நான் எங்க போகப்போறேன்? இங்க உக்காந்து கேக்குறேன். ஒழுங்கா ஓட்டு. பிரேக்கைப் பிடிச்சா எனக்குத் தெரிஞ்சிடும்."

ஒரு சுற்று போய்த் திரும்பிவிடலாம் என்றுதான் கிளம்பினாள். ஆனால் முதல் கொண்டை ஊசி வளைவில் தோள் தானாகச் சாய்ந்தது. மறந்திருக்கும் என்று அவள் நினைத்திருந்த உடம்பு ஒன்றையும் மறந்திருக்கவில்லை. வெட்டுக்கிளி கத்தியது, துடித்தது, இருந்ததையெல்லாம் கொடுத்தது. மரநிழலும் வெயிலும் மாறி மாறி முகத்தில் அடித்தன. கால்தாங்கி உரசியபோது ஹெல்மெட்டுக்குள் அவளிடமிருந்து பழைய கூச்சல் வெளிப்பட்டது. கூடவே வெட்கம். இவ்வளவு சந்தோஷம் இவ்வளவு பக்கத்திலேயே இருந்திருக்கிறது, அரை மணி நேரத் தூரத்தில், மாடிப்படிக்கு அடியில், எண்ணெய் போட்டுத் தயாராக. சிரித்தபடியே கண்ணாடித் தடுப்பைத் தூக்கிவிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

உச்சியில் நிற்காமலே திரும்பினாள். இறக்கத்தில், அவனுக்கு நேர் மேலே உள்ள சாலைக்கு வந்தபோது, மரங்கள் விலகி அவன் தெரிந்தான். கைப்பிடிச் சுவரில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். நல்ல காதை மலைப்பக்கம் திருப்பியிருந்தான். அவள் இருந்த பக்கம் பார்க்கவில்லை. இரண்டு கைகளும் முன்னால் எதையோ பிடித்தவை போல நீண்டிருந்தன. கடைசி வளைவு நெருங்கியது. அவள் இன்னும் கியரைக் குறைக்கவில்லை. கீழே, காற்றில் தொங்கிய அவனுடைய இடது கால், கியரை மிதிப்பதுபோல, லேசாக ஒருமுறை அமுங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே அவள் தன் காலையும் அழுத்தினாள்.