சரணத்தில் ஒரு மூச்சு

எங்களுக்கு முன்னாலேயே பாட்டை முடித்துவிட்டு, கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள் அந்தப் பெண். நாங்கள் மூன்று பேரும் இன்னும் கடைசி வரியில்தான் இருந்தோம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வந்த முதல் நாளே இப்படி ஓடினால், நாளைக்கு மேடையில் இவளை வண்டி வைத்தா துரத்துவது?

அன்று கடைக்கு விடுமுறை. என் தையல் கடையின் பின்னறையில்தான் எங்கள் இசைக்குழு ஒத்திகை பார்க்கும். சுவரெல்லாம் துணிக்கட்டுகள் அடுக்கியிருப்பதால் சத்தம் வெளியே போகாது. போனாலும் பக்கத்துக் கடைக்காரர் சண்டைக்கு வரமாட்டார். கண்ணாடி அறுத்து விற்கும் அவர்தான் எங்கள் கிடார். தையல் மிஷினை மிதித்துப் பழகிய காலால் நான் டிரம்ஸ் மிதிக்கிறேன். பாடுவது அத்தான், என் அக்காவின் கணவர், பஸ் ஓட்டுகிறவர். விழாவுக்குக் கூப்பிடுகிறவர்கள் எல்லாம் "கீபோர்டுகூட இல்லையா?" என்று உதட்டைப் பிதுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆள் தேடினோம். ஒருத்தியைக் கேட்டால் இரண்டு பேர் வந்து நின்றார்கள். கீபோர்டுக்காரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். கூட வந்தவள் அவளுடைய அண்ணி. நன்றாகப் பாடுவாளாம், சேர்த்தால் இரண்டு பேரையும் சேர்க்க வேண்டுமாம். நாத்தனாரும் அண்ணியும் ஒரே ஸ்கூட்டரில் சிரித்துக்கொண்டே வந்து இறங்கியதைப் பார்த்தே கண்ணாடிக்காரர் பாதி சம்மதித்துவிட்டார்.

"ஏம்மா, அடுப்புல பால் வெச்சுட்டு வந்தியா? அப்படி என்ன அவசரம்?" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "இல்லக்கா, நான் தாளத்துலதான் இருந்தேன். சரணத்துல மூணாவது வரி வரும்போதெல்லாம் நீங்கதான் கொஞ்சம் நின்னுட்டு வர்றீங்க. மூணு பேரும் சேர்ந்தே நிக்கிறதால உங்களுக்குத் தெரியல."

"நல்லா இருக்கே கதை!" என்று சொல்லி, கண்ணாடிக்காரர் போனில் பதிவு செய்திருந்ததைப் போட்டார். கேட்டோம். அந்த இடம் வந்தது. வேகத்தடை கண்ட வண்டிபோல பாட்டு ஒரு கணம் தயங்கி, பிறகு நகர்ந்தது. அடுத்த சரணத்திலும் அப்படியே.

போன வருடம் அத்தான் நிமோனியாவில் படுத்து எழுந்தார். அவர் போட்டிருக்கும் சட்டை நான் தைத்தது. அவருக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிக்கும் எனக்கு அதன் தோள்பட்டைதான் எப்போதும் கண்ணில் படும். மூன்றாவது வரிக்கு முன்னால் மூச்சு இழுக்க அந்தத் தோள் மேலே ஏறும். அது இறங்குகிறவரை என் குச்சி காத்திருந்திருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம்வரை எனக்கே தெரியாது. கண்ணாடிக்காரரைப் பார்த்தேன். அவர் கிடாரில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்காகவா நிக்கிறீங்க?" என்றார் அத்தான்.

வந்தவர்கள் இங்கிதம் தெரிந்தவர்கள். டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார்கள்.

"இவங்க வேணாம் அத்தான்," என்றேன். "உலகத்துல கீபோர்டு வாசிக்க வேற ஆளா இல்ல? பாடுறதுக்கு ஆள் வேணும்னு யார் அழுதா?"

"உங்க அக்காகிட்டகூட சொல்லல," என்றார் அவர். "டிப்போ மாடிப்படி ஏறும்போது பாதியில நின்னு, போன் வந்த மாதிரி காதுல வெச்சுப்பேன். ஆனா பாடும்போது மட்டும் மூச்சு முட்டினதே இல்ல. இந்த ரூமுக்குள்ள வந்தா நான் பழைய ஆளுன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

உண்மையைச் சொன்ன பாவத்துக்கு அந்தப் பெண்ணை நாலு வார்த்தை திட்டலாமா என்றுகூட எனக்கு இருந்தது.

"அவங்களைச் சேர்த்தா நீங்க விலகிடுவீங்களா?" கண்ணாடிக்காரர் பூசி மெழுகாமல் கேட்டார்.

"தெரியலப்பா. சேர்க்கலைன்னா மட்டும்? இனிமே நீங்க நிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்குக் கேக்குமே."

சேர்க்கலாமா வேண்டாமா என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அத்தான் முகத்தைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"வாம்மா, நீ பாடு. கேப்போம்," என்று அண்ணிக்காரியைக் கூப்பிட்டார்.

அவள் தயங்கித் தயங்கி மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள். அது அவள் நெற்றிக்கு நேராக இருந்தது. அத்தான் ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தி, மைக்கை அவள் வாய்க்கு நேரே இறக்கி, மறுபடி இறுக்கினார். பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தது. அவர் அதில் போய் உட்காரவில்லை. அவளுக்கு அருகிலேயே நின்று, கழுத்தை மெல்லச் சாய்த்து, முதுகை வளைத்து, தன் வாயும் அந்த மைக்குக்கு எட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.