எவர்சில்வர் ரிவால்வரில் குடியேறிய துரு

ஆர்விட் டோலெஃப்சனைக் கரடி கொன்ற ஆண்டின் இலையுதிர்காலத்தில், டார்னெட் படகுத்துறை ஊரிலிருந்த துரு முழுவதும் அவனுடைய எவர்சில்வர் ரிவால்வருக்குக் குடிபெயர்ந்தது. அலாஸ்காவின் அந்தக் கரையில் ஆண்டுக்கு இருநூற்று முப்பது நாள் மழை. மீதி நாள்களில் உப்புக்காற்று. ஆயினும் அக்டோபர் ஒன்பதாம் தேதி காலையில் நங்கூரச் சங்கிலிகள், கதவுக் கீல்கள், தேவாலயத்து மணியின் நாக்கு, பல் மருத்துவரின் குறடு யாவும் அன்றுதான் கடையிலிருந்து வந்தவைபோல மின்னின. ஆர்விட்டின் மனைவி ரக்னாவின் சமையலறை ஆணியில், தோலுறைக்குள் தொங்கிய ரிவால்வர் மட்டும் கரடியின் நிறத்துக்கு மாறியிருந்தது.

ஆர்விட் செய்த பிழை அந்தத் துறையின் மீனவர் அனைவரும் செய்துவந்ததுதான். எவர்சில்வர் என்றால் துரு அண்டாது என்று நம்பி, துப்பாக்கியோடு கிடைத்த எண்ணெய்ப் புட்டியை வாங்கிய அன்றே தம்பி எமிலிடம் கொடுத்துவிட்டான். கடல்நீரில் ஊறிய தோலுறையிலிருந்து இரண்டு மீன்பருவம் துப்பாக்கியை உருவவே இல்லை. ஈரத்தோல் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த உலோகம் மெதுவாகத் துருப்பிடிக்குமே தவிர, பிடிக்காமல் இருக்காது. ஓடைமுகத்துப் புகைக்குடிசையில் அவன் சால்மன் மீன்களைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தபோது, இடக்காது கிழிந்த பழுப்புக் கரடி வந்தது. அவன் உருவினான். விசை அசையவில்லை, ஆறு தோட்டாக்களைச் சுமந்த உருளை சுழலவில்லை. கரடி சற்று நேரம் காத்திருந்ததாக, அக்கரையில் நின்று பார்த்த எமில் பிறகு சொன்னான்.

புகைக்குடிசையை விட்டால் ரக்னாவுக்கு வேறு பிழைப்பில்லை. கரடியும் அந்த ஓடையை விட்டுப் போகப்போவதில்லை. ஆகவே அவள் துப்பாக்கியைக் கற்றுக்கொண்டாள். குழலுக்குள் தூரிகையை விட்டு இழுப்பது, உருளையின் முகத்தில் படியும் கரியைச் சுரண்டாமல் துடைப்பது, தோட்டாக்களை வெளித்தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியில் ஒரு துகளும் தங்காமல் பார்ப்பது, தளரும் திருகுகளை இறுக்குவது, கடைசியில் எண்ணெயை இருக்கிறதோ இல்லையோ என்னும் அளவுக்குப் பூசுவது. பின்னர் தோலுறையைக் கழற்றிப் போட்டு, ஈரம் உறிஞ்சும் மணிகளோடு ஒரு தகரப் பெட்டியில் அதை மூடிவைத்தாள். மறுநாள் துரு ஊருக்குத் திரும்பியது. நண்பகலுக்குள் எமில் வந்துவிட்டான்.

“அண்ணி, அதைப் பழையபடி தோலுக்குள்ளயே மாட்டிடுங்க. என் நங்கூரம் பிஸ்கட்டு மாதிரி உதிருது. ஊரே சொல்லி அனுப்பிச்சிருக்கு.”

“மாட்டறேன். கரடி வந்தா உன் நங்கூரத்தைக் காட்டி மிரட்டவா?”

“சாயங்காலம் மாட்டுங்க, காலைல தேச்சு எடுத்துக்கிட்டுப் போங்க. பாதிப் பாதி.”

“தேய்க்க யாரு, நீ வருவியா? உங்கண்ணன் குடுத்த எண்ணெயை சைக்கிள் செயினுக்கு ஊத்தின ஆளுதானே நீ?”

எமில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். “பாதிப் புட்டி மிச்சம் இருக்கு, அண்ணி.”

ஆர்விட் இறந்த கோடைக்குப் பிறகு ரக்னா சிரித்தது அன்றுதான். பாதிப் புட்டி மறுநாள் வந்தது. அதன்பின் ஆண்டுதோறும் முழுப் புட்டியாக வந்தது. பதினோரு ஆண்டுகள் அவள் மாலையில் ரிவால்வரைத் தோலுறையில் இட்டாள்; காலையில் ஊரின் துருவைத் தேய்த்தெடுத்து ஓடைக்குப் போனாள். துடைத்த தூளைத் தோட்டத்தில் கொட்டினாள்; உருளைக்கிழங்கு நன்றாக விளைந்தது.

பன்னிரண்டாம் ஆண்டு சால்மன் மூன்று நாள் முந்தியே கடலிலிருந்து ஓடையில் ஏறியது. மீன் காத்திருக்காது என்பதால், தேய்க்காத துப்பாக்கியையும் துடைக்கும் சாமான்களையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு ரக்னா ஓடைக்கு விரைந்தாள். பலகையில் அவற்றைப் பரப்பி நிமிர்ந்தபோது, பத்தடி தூரத்தில் கிழிந்த காது தெரிந்தது. விசையை இழுத்தாள். அசையவில்லை. ஓடுவதற்கு இடமும் இல்லை. அவள் உட்கார்ந்தாள், கரடியும் உட்கார்ந்தது.

எண்ணெயை ஊறவிட்டு, மரச்சுத்தியால் மெல்லத் தட்டி உருளையைத் திறந்து, ஆறு தோட்டாக்களையும் பலகையில் வரிசையாக வைத்தாள். குழலைத் துலக்கினாள். நட்சத்திரத் தகட்டின் அடியைத் துடைத்தாள். ஒரு படியைக்கூடத் தாண்டவில்லை. இருபது நிமிடம் ஆயிற்று. கரடி ஒருமுறை கொட்டாவி விட்டது. பின்பு காலியான உருளையை மூடி, எப்போதும் சோதிப்பதுபோல ஆறுமுறை விசையை இழுத்தாள். ஆறுமுறையும் உருளை சுழன்று, ‘டிக்’ என்று தெளிவாக ஒலித்தது. ஒவ்வொன்றுக்கும் கரடியின் நல்ல காது அசைந்தது. ஆறாவது ஒலி அடங்கியதும் அது எழுந்து, கேட்க வந்ததைக் கேட்டுவிட்ட தோரணையில், காட்டுக்குள் நடந்தது. ரக்னா ஒரு தோட்டாவைக்கூட இன்னும் ஏற்றியிருக்கவில்லை.

அடுத்த ஆண்டும் அதே வாரத்தில் கரடி வந்து அமர்ந்தது, அதற்கடுத்த ஆண்டும். படகுத்துறை அலுவலகத்தில் மீன்பருவ அறிவிப்புகளுக்குக் கீழே, படகு வேகம், வலைக்கண் அளவு ஆகியவற்றை அடுத்து, இன்றும் ஒரு வரி இருக்கிறது: ரக்னா அம்மாள் ரிவால்வர் துடைக்கும் நேரத்தில் ஓடைமுகத்தில் மோட்டாரை நிறுத்தவும், கரடிக்குக் காது கேட்க வேண்டும்.