காலுக்கு இன்சூரன்ஸ் இல்லை

அமெரிக்க விசா கிடைத்தால் பாலசமுத்திரத்திலிருந்து திருமலை வரை வெறுங்காலோடு நடந்து வருகிறேன் என்று வேண்டிக்கொண்டவன் பிரவீன். நடந்தவள் வெங்கடலட்சுமி.

இதில் ஊரில் யாருக்கும் விநோதமாக எதுவும் படவில்லை. பிரவீன் வீட்டு நிலத்தில் நாற்று நட்டதும் களை பறித்ததும் கரும்பு வெட்டியதும் வெங்கடலட்சுமியின் அம்மா. அம்மாவுக்குப் பிறகு அவள். வேண்டுதலை மட்டும் அந்த வீட்டார் தங்கள் காலாலேயே நிறைவேற்ற வேண்டும் என்று என்ன கட்டாயம்? பிரவீன் டல்லாஸ் போய்ச் சேர்ந்த மூன்றாம் மாதம் அவனுடைய அம்மா கிருஷ்ணம்மா ஒரு மஞ்சள் புடவையும், மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் கறுப்புப் பட்டை ஒன்றும், புது போனும் கொண்டுவந்து கொடுத்தாள். பட்டை எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியையும் எண்ணும். போன், அவள் எங்கே இருக்கிறாள் என்பதை டல்லாஸில் ஒரு நீலப் புள்ளியாகக் காட்டும்.

"நீ எப்படியும் புரட்டாசிக்கு நடக்கறவதானே, லட்சுமி. அப்படியே இவனுக்கும் நடந்துடு" என்றாள் கிருஷ்ணம்மா, கடைக்குப் போகிறவளிடம் அப்படியே கொத்தமல்லியும் வாங்கி வா என்பது போல.

நடக்கிறவள்தான். அந்த வருஷம் அவளுக்கே ஒரு வேண்டுதல் இருந்தது. மகள் கல்பனாவுக்கு சத்தியவேடு பக்கம் ஒரு போன் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. ஒரு நடையில் இரண்டு வேண்டுதல் அடங்குமா என்று நடைக்கூட்டத்தின் தலைவர் பச்சையப்பனிடம் கேட்டாள். பச்சையப்பன் பதினெட்டு வருஷமாகக் கூட்டம் கூட்டிப் போகிறவர். தாடியை நீவிக்கொண்டு யோசித்தார்.

"ஒரே பஸ்ஸுல ரெண்டு பேரு போறதில்லியா? அப்டிதான்."

பன்னிரண்டு பேர் கிளம்பினார்கள். முதல் நாள் எந்தத் தொல்லையும் இல்லை. இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு, கார்வேட்டிநகரம் தாண்டி மலையைப் பிளந்து போகும் சாலை தொடங்கும் இடத்தில், குறுக்கே ஒரு சிவப்பு வெள்ளைக் கம்பம் கிடந்தது. சாலையை நாலு வழியாக்குகிறார்களாம். பக்கத்தில் ஒரு பெரிய பச்சைப் பலகை. லாரி எந்தப் பக்கம் போக வேண்டும், பஸ் எந்தப் பக்கம், கார் எந்தப் பக்கம், மாட்டுவண்டி எந்தப் பக்கம் என்று எல்லாவற்றுக்கும் அம்புக்குறி போட்டிருந்தது. மனுஷனுக்கு மட்டும் அம்பு இல்லை.

கம்பத்தருகே பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியுமாக நின்ற காவல்காரரிடம் பச்சையப்பன் கோவிந்தா போட்டார். அவரும் பதிலுக்குக் கோவிந்தா போட்டார். கம்பத்தைத் தூக்கவில்லை.

"நடந்து போக பெர்மிஷன் லேது, சாமி. மலையில வெடி வெக்கிறாங்க. சுத்தி நகரி வழியா போங்க."

"சுத்தினா எவ்ளோ?"

"இருபத்தெட்டு கிலோமீட்டர் ஜாஸ்தி."

"இதுல போனா?"

"நாலு."

கூட்டம் சாலையிலேயே உட்கார்ந்து பஜனை பாடத் தொடங்கியது. பாட்டு பாறையில் மோதித் திரும்பி வந்ததும், எங்கிருந்தோ ஒரு ஜீப்பும் வந்தது. இறங்கியவர் இன்ஜினீயர். நெற்றியில் நாமம், கழுத்தில் அடையாள அட்டை. பக்தர்களைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேசினார், அவ்வளவு மரியாதை. ஆனால் பேசியது சட்டம்.

"நடக்கறவங்களை உள்ள விட முடியாதும்மா. கல்லு விழுந்தா யாரு பதில் சொல்றது? ஆனா எங்க கம்பெனி வேன் இருக்கு. அதுல ஏறிக்கோங்க, அந்தப் பக்கம் இறக்கி விட்டுடறோம். ஃப்ரீ."

"வேன் மேல கல்லு வுழாதா சார்?" என்று கேட்டாள் வெங்கடலட்சுமி.

இன்ஜினீயர் அவளைப் பொறுமையாகப் பார்த்தார். "விழலாம். ஆனா வேன்ல இருக்கறவங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கு. காலுக்கு இல்ல."

பச்சையப்பன் மறுபடி தாடியை நீவினார். அவருக்கு முந்தின நாளே குதிகால் வெடித்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது; யாரிடமும் சொல்லவில்லை. மூன்று நிமிஷத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. பெருமாளே கருடன் மேல் போகிறவர், பக்தன் நாலு கிலோமீட்டர் வேனில் போனால் கோபிக்க மாட்டார். பதினோரு பேரும் அப்படியொரு நிம்மதியோடு வேனை நோக்கி நடந்தார்கள். சன்னல் இருக்கைக்குச் சின்னதாக ஒரு சண்டைகூட நடந்தது.

வெங்கடலட்சுமி வேன் படியில் கால் வைக்கப் போகும்போது போன் அடித்தது. டல்லாஸில் அப்போது ராத்திரிச் சாப்பாட்டு நேரம். திரையில் பிரவீன் எதையோ மென்றுகொண்டிருந்தான்.

"லட்சுமிக்கா, புள்ளி ஒரே இடத்துல நிக்குதே, ஏன்?"

சொன்னாள்.

"ஐயோ, வேன்ல ஏறிடாதக்கா! ஸ்பீடு ஏறுனா இங்க காட்டிடும். என் வேண்டுதல் வேஸ்ட்டாயிடும்."

"சுத்திக்கினு போனா இருபத்தெட்டு கிலோமீட்டராம், நைனா."

"பரவால்லக்கா. நான் ஒண்ணும் அவசரப்படல" என்றான் பிரவீன், பெரிய மனதோடு.

வெங்கடலட்சுமிக்கு வந்த கோபத்தில் போனைப் பள்ளத்தில் எறிந்திருப்பாள். ஆனால் அவளுக்கும் வேனில் ஏற மனசில்லை. கல்பனாவுக்காக நடக்கிறேன் என்று சொன்னது அவள் வாய்தான். பிரவீன் வேண்டுதல் உடைந்தால் உடையட்டும், தன்னுடையது உடையக் கூடாது. படியிலிருந்து காலை எடுத்தாள். வேன் போய்விட்டது.

கம்பத்தருகே தனியாக நின்றபோதுதான் அந்தப் பெண்களைப் பார்த்தாள். ஏழெட்டுப் பேர், தலையில் மஞ்சள் தொப்பி, புடவைக்கு மேல் ஆரஞ்சுச் சட்டை, கையில் இரும்புச் சட்டி. கம்பத்துக்கு அடியில் குனிந்து சாவகாசமாக உள்ளே நடந்துபோனார்கள். காவல்காரர் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"அவுங்க மட்டும் போறாங்களே?"

"அவுங்க கூலிக்குப் போறாங்க."

பெண்களுக்குப் பின்னால் மேஸ்திரி துலுக்காணம் யாரையோ போனில் திட்டிக்கொண்டு வந்தார். இரண்டு ஆள் வரவில்லை, அந்தக் கோடியில் கல் அடுக்க ஆள் பத்தவில்லை. வெங்கடலட்சுமி அவர் எதிரில் போய் நின்றாள்.

"நா வர்றேன். மத்தியானம் வரிக்கும்."

துலுக்காணம் மஞ்சள் புடவையைப் பார்த்தார், துளசி மாலையைப் பார்த்தார், கடைசியில் கையைப் பார்த்தார். கையைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்துவிட்டது. தொப்பியும் சட்டையும் கொடுத்தார்.

"ஷூ?" என்று பயந்துகொண்டே கேட்டாள். வெறுங்கால் விரதமாயிற்றே.

"ஷூ ஆம்பளைங்களுக்குதான் வந்துருக்குது. பொம்பளைங்களுக்கு இன்னும் வரலை."

இரண்டு வருஷமாக வரவில்லையாம். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கம்பெனியின் கஞ்சத்தனத்துக்கு ஒருத்தி மனசார நன்றி சொன்னாள்.

சற்று முன் அவளை உள்ளே விட முடியாது என்ற சட்டம் இப்போது கம்பத்தைத் தூக்கியே பிடித்தது. தலையில் சட்டியும் தோளில் ஒரு கடப்பாரையுமாக நாலு கிலோமீட்டரும் நடந்தாள். வெட்டிய பாறையின் பொடி காலில் ஊசியாகக் குத்தியது. ஒரு தடவை விசில் ஊதி எல்லோரையும் உட்காரச் சொன்னார்கள். மலை அதிர்ந்தது. நெல்லிக்காய் அளவு கற்கள் தொப்பி மேல் விழுந்தன. "இன்சூரன்ஸ் இருக்குதா நமக்கு?" என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள். "இன்னா அது?" என்றாள் அவள்.

மத்தியானம் வரை கல் சுமந்தாள். தடுப்புச் சுவருக்கு இங்கும் அங்கும் எத்தனை நடை என்று அவள் எண்ணவில்லை. மணிக்கட்டுப் பட்டை எண்ணியது. ஒரு மணிக்குத் தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் வெளியே வந்தால், புளியமரத்தடியில் பதினோரு பேரும் புளிச்சாதம் தின்றுவிட்டுப் படுத்திருந்தார்கள்.

"இவ்ளோ லேட்டா வந்தா எப்படிம்மா?" என்று கடிந்துகொண்டார் பச்சையப்பன்.

அன்று சாயங்காலம் புத்தூரில் தங்கியிருந்தபோது கல்பனா போன் செய்தாள். பிரவீன் படம் போட்டிருக்கிறானாம். ஒரே நாளில் நாற்பத்தோராயிரம் அடி, என் பாதயாத்திரை என்று எழுதி, கீழே கொப்பளம் வெடித்த இரண்டு பாதங்கள். முதல் நாள் இரவு அவன் கேட்டானே என்று வெங்கடலட்சுமி எடுத்து அனுப்பிய படம். ஐந்நூறு பேருக்குப் பிடித்திருந்தது. அவனுடைய பெரியம்மா மட்டும், அமெரிக்கா போய் உன் கால் இப்படிக் கறுத்துவிட்டதே கண்ணா என்று கவலைப்பட்டிருந்தாள்.

கல்பனா கோபத்தில் கத்தினாள். வெங்கடலட்சுமி சிரித்துவிட்டு, சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிரிப்பு கொஞ்ச நேரத்தில் நின்றுபோயிற்று.

மறுநாள் பொழுதோடு மலையடிவாரத்து அலிபிரி சேர்ந்து, அதற்கடுத்த நாள் விடியலில் படியேறினார்கள். மேலே போய்ச் சேர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கையில் பிரவீன் வந்தான், போனில்தான்.

"சூப்பர்க்கா! எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. ஒரு சின்ன விஷயம் சொல்ல மறந்துட்டேன்." குரலைத் தாழ்த்தினான். "நடக்கறதோட மொட்டையும் வேண்டிக்கிட்டேன். எனக்கு வாரம் பூரா கிளையன்ட் மீட்டிங். நீ எப்படியும் அங்கதானே இருக்க..."

வெங்கடலட்சுமி தலைமுடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நரை ஓடிய, இடுப்புவரை வரும் முடி.

"நைனா, காலை உனக்குக் குடுத்தேன். தலை என்னுது. உந்தலைய நீயே எத்துக்கினு வந்து குடு."

"அக்கா, கோச்சிக்காதக்கா, அதுக்குத் தனியா பணம்..."

அவள் போனை அணைத்தாள். பட்டையைக் கழற்றினாள், அது கட்டியிருந்த இடத்தில் தோல் வெளுத்து அரித்தது. இரண்டையும் பைக்குள் போட்டுவிட்டுக் குளித்து, வரிசையில் போய் நின்றாள். ஒன்பது மணி நேரம் கழித்துப் பெருமாள் முன்னால் அவளுக்குக் கிடைத்தது ஒரு கண்சிமிட்டும் நேரம். அதற்குள் கல்பனா பேரைத்தான் சொல்ல முடிந்தது. பிரவீன் பேருக்கு இடமில்லை. அவளைத் தள்ளிவிட்டார்கள்.

திரும்பும்போது எல்லோரும் பஸ்தான். வெங்கடலட்சுமி வீங்கிய கால்கள் இரண்டையும் எதிர் இருக்கையின் மேல் நீட்டிக்கொண்டாள். கண்டக்டர் வந்து, "காள்ளு கிந்த பெட்டம்மா" என்று காலைக் கீழே வைக்கச் சொல்லி அதட்டினார்.

"புத்தூரு வரட்டும், எறக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கண்டக்டர் அந்தப் பாதங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டிக்கெட்டைக் கிழித்து அவள் மடியில் வைத்துவிட்டு முன்னால் போனார்.