ஒத்துப்போன மதிப்பெண்

பொறியியல் கல்லூரி மாணவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் தராசு. அவளோடு சேர்ந்து வடிவமைப்புப் பாடம் நடத்திய கொழுந்தனுக்கு, அதாவது கணவனின் தம்பிக்கு, வைத்த பெயர் கத்தரி. மார்க்கை வெட்டுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவனே பீற்றிக்கொள்வான். அவளுக்கும் தன் பெயரில் பெருமை இல்லாமலில்லை.

சிக்கல் என்னவென்றால், ஒரே வேலைக்கு அவள் எண்பது போட்டால் அவன் நாற்பது போடுவான். ஏன் என்று கேட்டால் இருவருக்குமே சொல்லத் தெரியாது. போன வருடம் பெற்றோர் சண்டைக்கே வந்துவிட்டார்கள். இந்த முறையும் மதிப்பெண்கள் ஒத்துப்போகாவிட்டால் அந்தப் பாடத்தைத் தூக்கிவிட்டு எழுத்துத் தேர்வு வைத்துவிடுவேன் என்று துறைத்தலைவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து அந்தப் பாடத்தைக் கொண்டுவந்தவள் அவள். பிள்ளைகள் தாங்களே ஒன்றை யோசித்துச் செய்து, உடைத்து, மறுபடி செய்து பார்க்கும் ஒரே பாடம் அதுதான். அதை விட்டுக்கொடுப்பதாக அவளுக்கு உத்தேசமே இல்லை.

ஆகவே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலையில் இறங்கினாள். 'நல்ல வடிவமைப்பு' என்று மொட்டையாக இருந்த அளவுகோலைப் பிரித்து, எதைக் கண்ணால் பார்த்தால் எவ்வளவு மார்க் என்று எழுதினாள். ஒரே ஒரு மாதிரியை இருவரும் தனித்தனியாகத் திருத்தி, பிறகு உட்கார்ந்து சண்டை போட்டார்கள். அந்தச் சண்டை வீட்டுச் சாப்பாட்டு மேசை வரைக்கும் வந்ததில், அவள் கணவன் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டான். போகட்டும், பலன் கிடைத்தது.

இந்த வருடப் பணி சுலபமாகத் தெரியும், ஆனால் சுலபமில்லை. ஒரு கை மட்டுமே வேலை செய்யும் ஒருவர், இறுக மூடிய ஜாடியை யார் உதவியும் இல்லாமல் திறக்க ஒரு கருவி. திருத்தும் அறையின் நீள மேசை முழுக்கக் கருவிகள். இருவரும் ஜாடி ஜாடியாகத் திறந்து பார்த்தார்கள். முதலிடம் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பளபளப்பான கருவிக்குப் போனது. மூடியில் மாட்டி ஒரு திருகு திருகினால் போதும். கடைசி இடம் அவர்களே 'மூட்டை' என்று பெயர் வைத்த ஒன்றுக்கு. அதை மேசையோரத்தில் மாட்டி, ஜாடியை உள்ளே இறக்கி, நெம்புகோலை அழுத்த வேண்டும். அதற்குள் பசியே அடங்கிவிடும் என்றான் கத்தரி. இருவருமே அதற்குத் தேர்ச்சி மார்க் போடவில்லை.

மதிப்பெண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அச்சடித்தது போல ஒத்துப்போயிருந்தன. அவளுக்கு வாயெல்லாம் பல்.

கத்தரி உடனே அண்ணனுக்குப் போன் போட்டு, வீட்டில் சமாதானம் வந்துவிட்டது என்று அறிவித்தான். ஒரு கையில் போனைப் பிடித்துப் பேசிக்கொண்டே, மறு கையால் பிஸ்கட் ஜாடியைத் தன்பக்கம் இழுத்து, முதலிடக் கருவியை மூடியில் மாட்டித் திருகினான். மூடியோடு சேர்ந்து ஜாடியும் சுற்றியது. இன்னொரு தரம் திருகினான். ஜாடி மேசையில் ஒரு வட்டம் அடித்தது.

"அண்ணி, இந்த ஜாடியைக் கொஞ்சம் பிடிங்க" என்றான்.

பிடித்தாள். மூடி திறந்தது. அவள் முகம் வெளுத்துப்போனது.

காலையிலிருந்து எல்லா ஜாடியையும் இருவரும் இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் திறந்திருக்கிறார்கள். ஒற்றைக் கைக்காரருக்கான கருவியை இரண்டு கையால் சோதித்த மேதாவிகள்! எதைப் பார்த்து மார்க் போட வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதியவளுக்குத் தன் கையைப் பார்க்கத் தோன்றவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவள் சொன்னதைக் கேட்டுக் கத்தரி போனை வைத்தான். தலைவர் வரும் நேரம், இப்போது போய்க் கிளற வேண்டுமா என்று இழுத்தான்.

"அண்ணி, ஒத்துப்போகணும்னுதான் தலைவர் கேட்டார். சரியா இருக்கணும்னு கேக்கலையே."

"ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே தப்பைப் பண்ணியிருக்கோம். அதுக்குப் பேர் ஒத்துப்போறதா? எழுந்திரு."

பாடம் போனாலும் போகிறது என்று ஒரு கணம் நினைத்தாள். அப்படி நினைத்ததும் பயம் விட்டுப்போயிற்று. இருவரும் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். பளபளப்பான கருவி ஜாடியைச் சுற்றவைத்ததோடு சரி. மூட்டை நிதானமாக, முனகாமல், எல்லா மூடியையும் திறந்தது. மேசையோரத்தில் அதை மாட்டுவதற்குக்கூட ஒரு கை போதுமாக இருந்தது. பழைய மதிப்பெண்கள் தலைகீழாயின. புதியவற்றில் இருவருக்கும் சில இடங்களில் ஒத்துவரவும் இல்லை.

வந்த துறைத்தலைவர் இரண்டு தாளையும் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். அவள் பூசி மெழுகவில்லை.

"காலைல எங்க மார்க் அப்படியே ஒத்துப்போச்சு சார். அது தப்பு. இதுல கொஞ்சம் வித்தியாசம் இருக்கு. ஆனா இதுதான் சரி."

நடந்ததை அவள் சொல்லி முடித்ததும் தலைவர் ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு தானே முயன்று பார்த்தார். முதலில் பளபளப்பானது. ஜாடி அவரிடமிருந்தும் நழுவி ஓடியது. பிறகு மூட்டை. மூடி கையோடு வந்தது. தாள்கள் இரண்டையும் மறுபடி எடுத்துப் பார்த்து, அப்படியானால் இதற்கு ஏன் ஆளுக்கொரு மார்க் என்று கேட்டார்.

"கனம்னு தம்பி குறைச்சிருக்கான். மேசைலயே இருக்கப்போறதை யாரு தூக்கிட்டு அலையப் போறாங்கன்னு நான் குறைக்கல" என்றாள் அவள்.

அண்ணி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் வெட்டியது வெட்டியதுதான் என்றான் கத்தரி.

"எழுத்துத் தேர்வு வெச்சிருந்தா இதைச் செஞ்ச பையன் என்ன பண்ணியிருப்பான்?" என்று கேட்டார் தலைவர்.

"நாலு பக்கம் எழுதியிருப்பான் சார். நாங்களும் ஒரே மார்க் போட்டிருப்போம். அது தப்புன்னு கடைசி வரைக்கும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அடுத்த கருவியைத் தன்பக்கம் நகர்த்தச் சொன்னார்.